911 டிஸ்பாட்சர் வேலை: சேருமுன் சூப்பர்வைசரைப் பற்றி விசாரிக்க முடியுமா?

கேட்டவரின் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். நியூ ஜெர்சியில் எடிசனில் குடியிருக்கிறார். சிட்டிசன்ஷிப் வந்துவிட்டது. ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கால் சென்டரில் 6 வருடம் இருந்தவர், டீம் லீடரின் தொல்லை தாங்காமல் போன மாதம் வேலையை விட்டிருக்கிறார். இப்போது இரண்டு அறிவிப்புகள் கண்ணில் பட்டிருக்கின்றன: ஒன்று கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) 911 மையம், அதாவது அவசர அழைப்பை எடுத்து போலீஸையோ ஆம்புலன்ஸையோ அனுப்பும் இடம்; இன்னொன்று, பக்கத்து ஊரான டவுன்ஷிப்பின் போலீஸ் வைத்திருக்கும் அதே மாதிரியான டிஸ்பாட்ச் அறை. "மனுப் போடுவதற்கு முன்பே அங்கே சூப்பர்வைசர் யார், ஆள் எப்படி என்று தெரிந்துகொள்ள வழி உண்டா? விசாரித்தால் தப்பாக எடுத்துக்கொள்வார்களா?" என்கிறார். ஒருமுறை சூடுபட்டவர், மறுபடியும் அதே அடுப்பில் கை வைக்கப் போகிறோமோ என்று பயப்படுகிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. நியாயமான பயம். இதே மாநிலத்தில் இரண்டு மையங்களில் 17 வருடம் ஹெட்செட் மாட்டியவள் நான். கடைசி 5 வருடம் ஷிஃப்ட் சூப்பர்வைசர். ஆக, விசாரித்தும் இருக்கிறேன், என்னைப் பற்றி மற்றவர்கள் விசாரித்ததும் என் காதுக்கு வந்திருக்கிறது.

குறிப்பிட்ட ஓர் ஆளைப் பற்றித் தெரிந்துகொள்வது கஷ்டம். தெரிந்தாலும் பெரிய பிரயோசனம் இல்லை. அந்த அறையைப் பற்றித் தெரிந்துகொள்வது நீங்கள் நினைப்பதைவிடச் சுலபம், அதற்குச் சட்டமே துணை நிற்கிறது. ஆளைத் தெரிந்து ஏன் பிரயோசனமில்லை என்றால், மனுப் போட்ட நாளுக்கும் முதல் நாள் வேலைக்கும் நடுவில் மாதங்கள் ஓடும். தட்டச்சும் ஒரே நேரத்தில் பல வேலை பார்ப்பதும் சோதிக்கிற தேர்வு, நேர்முகம், கைரேகை, பின்புல விசாரணை, மருத்துவப் பரிசோதனை என்று ஒவ்வொன்றாக நகரும். அதற்குள் சீனியாரிட்டிப்படி ஷிஃப்ட் எடுக்கும் சுற்று ஒன்று முடிந்து, பகலில் இருந்தவர் இரவுக்குப் போயிருப்பார். சேர்ந்த பிறகும் முதல் சில மாதங்களுக்கு உங்கள் தலையெழுத்து சூப்பர்வைசர் கையில் இல்லை, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ட்ரெயினர் கையில்தான் இருக்கிறது. ஒவ்வொரு ஷிஃப்ட் முடிவிலும் அவர் உங்களுக்கு 1 முதல் 7 வரை மார்க் போட்டு ஒரு தாள் நிரப்புவார். 4-க்குக் கீழே தொடர்ந்து வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். (இந்த மார்க் முறை எழுபதுகளில் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே போலீஸில் ரோந்துக்குப் புதிதாக வரும் காவலர்களுக்காக உருவானது. டிஸ்பாட்ச் அறைகளும் அதையே எடுத்துக்கொண்டன.) கால் சென்டரில் டீம் லீடர் ஒருவரே எல்லாமாக இருந்திருப்பார். இங்கே உங்களை மதிப்பிடுபவர் ஒருவர், ஷிஃப்டை நடத்துபவர் ஒருவர், உங்கள் அழைப்புகளின் ஒலிப்பதிவைக் கேட்டுத் தரம் பார்ப்பவர் இன்னொருவராகக்கூட இருக்கலாம்.

நீங்கள் சொன்ன இரண்டு இடத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அறிவிப்பில் அது தெரியாது. கவுண்டி மையத்தில் சூப்பர்வைசர் பெரும்பாலும் சிவிலியன், அதாவது போலீஸ்காரர் அல்லாதவர். அவரே கன்சோலில், அதாவது அழைப்பெடுக்கும் திரைகள் உள்ள மேஜையில், வருடக்கணக்கில் உட்கார்ந்து எழுந்தவர். சிறிய டவுன்ஷிப்பில் அப்படித் தனியாக ஒருவர் பெரும்பாலும் இருக்க மாட்டார். அன்றைய ஷிஃப்டின் போலீஸ் சார்ஜென்ட்தான் உங்கள் மேலாளர். அவர் நல்ல போலீஸ்காரராக இருக்கலாம், ஆனால் ஒரே நேரத்தில் மூன்று லைன் அடிக்கும்போது எந்த அழைப்பை எப்படி நிறுத்திவைப்பது என்று உங்களுக்குச் சொல்லித்தர அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். அவருடைய கவனம் தெருவில் இருக்கும் காவலர்கள் மேல். நீங்கள் ரேடியோவில் வரும் ஒரு குரல். அதே சமயம், அவரைப் பற்றி வெளியில் தெரியக்கூடியது அதிகம். 2020-ல் மாநில அட்டர்னி ஜெனரல் போட்ட உத்தரவின்படி, வேலைநீக்கம், பதவியிறக்கம், 5 நாளுக்கு மேற்பட்ட சஸ்பென்ஷன் பெற்ற போலீஸ் அதிகாரிகளின் பெயரை, என்ன நடந்தது என்ற சுருக்கத்தோடு, ஒவ்வொரு துறையும் வருடாவருடம் வெளியிட வேண்டும். 2022-ல் இன்னும் விரித்தார்கள்: பொய் சொன்னது, பாகுபாடு காட்டியது போன்றவை நிரூபணமானால் தண்டனை சிறியதாக இருந்தாலும் பட்டியலில் வரும். அந்த டவுன்ஷிப் போலீஸின் இணையதளத்தில் இந்த அறிக்கை கிடைக்கும். 10 நிமிட வேலை. சிவிலியன் சூப்பர்வைசருக்கு இப்படி ஒரு பட்டியல் கிடையாது. பட்டியலில் பெயர் இல்லாததால் ஒருவர் தங்கமானவர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எரிந்து விழுவதற்கெல்லாம் யாரும் சஸ்பென்ஷன் கொடுப்பதில்லை.

அடுத்தது ஓப்ரா. டிவியில் வந்த அம்மா இல்லை. 2002-ல் வந்த இந்த மாநிலத்தின் பொது ஆவணச் சட்டத்தைத்தான் சுருக்கி அப்படிச் சொல்வோம். நம் ஊர் தகவல் அறியும் சட்டத்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி. இந்தச் சட்டத்தில் அரசு ஊழியரின் பர்சனல் ஃபைல் பொதுவாக மூடிய ஃபைல். ஆனால் சிலவற்றை மட்டும் கொடுத்தே ஆக வேண்டும்: பெயர், பதவி, சம்பளம், எத்தனை வருடப் பணி, விலகியிருந்தால் விலகிய தேதி, விலகிய காரணம். பலர் இந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு "இதில் என்ன இருக்கிறது" என்று விட்டுவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்து ஓர் அறையின் ஜாதகமே இதில்தான் இருக்கிறது. கடந்த 5 வருடத்தில் டிஸ்பாட்சர் பதவியிலும் சூப்பர்வைசர் பதவியிலும் இருந்த எல்லோருக்கும் இந்த விவரங்களைக் கேளுங்கள். வந்த தாளை எக்ஸெல்லில் போடுங்கள். உதாரணத்துக்கு, 20 பேர் இருக்க வேண்டிய அறையில் 5 வருடத்தில் 14 பேர் போயிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் 10 பேர் முதல் ஆறு மாதத்துக்குள் போயிருந்தால் விஷயம் ட்ரெயினிங்கில். ஒருவேளை தேர்வு முறையே தளர்வாக இருந்து, இந்த வேலைக்கு ஒத்துவராதவர்களை எடுத்திருக்கலாம். நல்ல மையங்களிலும் புதியவர்களில் ஒரு பங்கு பேர் போகத்தான் செய்வார்கள். ஆனால் 4, 5, 7 வருடம் வேலை பார்த்தவர்கள், தொழில் கைவந்தவர்கள், வரிசையாகப் போயிருந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். அவர்களுக்கு வேலை கஷ்டம் இல்லை. அங்கே இருப்பதுதான் கஷ்டமாக இருந்திருக்கிறது. காரணம் என்ற கட்டத்தில் "ராஜினாமா" என்று ஒரே வார்த்தைதான் இருக்கும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. தேதிகளைப் பாருங்கள். மூன்று பேர் ஒரே இரண்டு மாதத்துக்குள் போயிருந்தால், அதற்கு முந்தைய மாதம் யார் சூப்பர்வைசர் ஆனார் என்று அதே தாளில் பார்க்கலாம். இது ஊகம்தான், சாட்சியம் ஆகாது. நேர்முகத்தில் என்ன கேட்க வேண்டும் என்பதற்கு ஒரு நூல்பிடி, அவ்வளவே.

எழுதும் விதத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. கேள்வி கேட்காதீர்கள், ஆவணம் கேளுங்கள். "உங்கள் சூப்பர்வைசர்கள் ஏன் அடிக்கடி மாறுகிறார்கள்?" என்று எழுதினால் நிராகரிக்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு, ஆராய்ச்சி செய்து பதில் தரும் கடமை மனுவை வாங்கும் கிளார்க்குக்கு இல்லை. "இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை, இந்தப் பதவிகளில் இருந்தவர்களின் பெயர், சம்பளம், பணிக்காலம், விலகிய தேதி, காரணம் காட்டும் பதிவுகள்" என்று எழுதினால் 7 வேலை நாட்களில் பதில் வர வேண்டும். மின்னஞ்சலில் கேட்டால் செலவில்லை. தாளாக வேண்டுமென்றால் பக்கத்துக்கு 5 சென்ட். இதோடு ஓவர்டைம் உட்பட மொத்தச் சம்பளப் பதிவையும் கேளுங்கள். அடிப்படைச் சம்பளத்துக்கும் கையில் வாங்கிய மொத்தத்துக்கும் உள்ள இடைவெளி எல்லோருக்கும் பெரிதாக இருந்தால், அந்த அறையில் ஆள் பற்றாக்குறை. அங்கே சூப்பர்வைசர் புத்தராக இருந்தாலும் உங்கள் குழந்தையின் பிறந்தநாளன்று "இன்னும் 4 மணி நேரம் இரு" என்றுதான் சொல்லப் போகிறார். பதிவுகளைக் கொடுக்க மறுத்தால் கோர்ட்டில் சண்டை போடலாம், ஆனால் 2024 திருத்தத்துக்குப் பிறகு ஜெயித்தாலும் வக்கீல் செலவு திரும்ப வரும் என்ற நிச்சயம் போய்விட்டது. ஒரு வேலை விசாரணைக்காக அந்த அளவுக்குப் போகாதீர்கள்.

அந்த "4 மணி நேரம் இரு" விஷயத்தை நாங்கள் மாண்டேட் என்போம். எங்கள் தொழிலில் சூப்பர்வைசர் மேல் வரும் கசப்பில் பாதி இதில் பிறக்கிறது என்பது என் கணிப்பு. யாரை நிறுத்துவது, யாரை விடுவது என்பதில் ஓரவஞ்சனை இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. இதற்குத் தொழிற்சங்க ஒப்பந்தத்தைப் படியுங்கள். மாநிலத்தின் பொது ஊழியர் உறவு ஆணையம், நாங்கள் பெர்க் என்று சொல்வது, ஒப்பந்தங்களைத் தன் இணையதளத்திலேயே வைத்திருக்கிறது. ஓவர்டைம் பகுதியில் மாண்டேட் சுழற்சிப் பட்டியல்படி நடக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறதா, தொடர்ச்சியாக இத்தனை மணி நேரத்துக்கு மேல் நிறுத்தக்கூடாது என்று வரம்பு இருக்கிறதா, அல்லது "மேலாளரின் முடிவுப்படி" என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். மேலாளரின் முடிவுப்படி என்று இருந்தால், மேலாளரின் குணம் உங்கள் வாழ்க்கையைத் தீர்மானிக்கும். பட்டியல் இருந்தால், கெட்ட மேலாளரும் பட்டியலுக்குக் கட்டுப்பட்டவர்.

டவுன்ஷிப்பை நிர்வகிக்கும் கவுன்சிலின் கூட்டக் குறிப்புகளில் சூப்பர்வைசர் பற்றி நேரடியாக எதுவும் கிடைக்காது. ஊழியர் விவகாரத்தை மூடிய கதவுக்குள் பேச 1975-ன் திறந்த கூட்டச் சட்டமே அனுமதிக்கிறது. ஆனாலும் படியுங்கள். டிஸ்பாட்ச் பிரிவின் ஓவர்டைம் பட்ஜெட், புதுக் கன்சோல் வாங்கியது, கவுண்டியோடு சேவையை இணைப்பது பற்றிய பேச்சு எல்லாம் அங்கே வரும். டவுன்ஷிப் வேலையைத் தேர்ந்தெடுத்து, அடுத்த வருடமே அந்த அறையை மூடிக் கவுண்டியோடு சேர்த்துவிட்டால், நீங்கள் விசாரித்த சூப்பர்வைசரே அங்கே இருக்க மாட்டார்.

நீதிமன்றப் பதிவுகளும் உண்டு. மாநில நீதிமன்றத்தின் சிவில் வழக்குகளை டவுன்ஷிப்பின் பெயரைப் போட்டு இணையத்தில் தேடலாம். ஃபெடரல் வழக்குகளுக்குப் பேசர் தளம்: பக்கத்துக்கு 10 சென்ட், மூன்று மாதத்துக்கு 30 டாலருக்குள் இருந்தால் காசே இல்லை. ஊழியர் ஒருவர் பாரபட்சம், பழிவாங்கல் என்று வழக்குப் போட்டிருந்தால் அறைக்குள் நடந்தது விலாவாரியாக எழுதப்பட்டிருக்கும். படிக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள்: அது ஒரு தரப்பின் வக்கீல் எழுதியது. நிரூபணமானது எது, குற்றச்சாட்டு எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நான் இதைவிட அதிகம் நம்புவது, அரசு ஊழியர் விதிகளைக் கவனிக்கும் மாநில சிவில் சர்வீஸ் கமிஷனின் மேல்முறையீட்டுத் தீர்ப்புகளை. அந்த விதிகளுக்குள் வரும் ஊராக இருந்தால், வேலைநீக்கத்தை எதிர்த்து டிஸ்பாட்சர் போன மேல்முறையீட்டில் சூப்பர்வைசர் வந்து சத்தியப் பிரமாணத்தோடு சாட்சி சொல்லியிருப்பார். முதல் தவறுக்கு வாய்மொழி எச்சரிக்கை, அப்புறம் எழுத்தில், அப்புறம் மறுபயிற்சி என்று படிப்படியாக வந்தாரா, இல்லை ஒரே அடியாகக் கழுத்தைப் பிடித்துத் தள்ளினாரா என்பது அந்தப் பக்கங்களில் இருக்கும்.

இணைய விமர்சனங்கள் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அவற்றுக்கு நான் கொடுக்கும் மதிப்பு குறைவு. கவுண்டி என்ற ஒரே பெயரின் கீழ் பூங்காத் துறைக்காரரும் எழுதியிருப்பார், சிறைக் காவலரும் எழுதியிருப்பார். ஒரு நட்சத்திரம் போட்டவர் ட்ரெயினிங்கில் தோற்றுப்போன மறுநாள் எழுதியிருக்கலாம். ஐந்து நட்சத்திரம் எச்.ஆர். ஆளாகவே இருக்கலாம். வேறு வேறு வருடங்களில் வேறு வேறு ஆட்கள் ஒரே குறையைச் சொன்னால் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஊரில் மாப்பிள்ளை வீட்டை விசாரிக்கப் போனால் நேராக அவர்கள் வீட்டுக்கா போவோம்? தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்து ஒரு டீ சொல்லிவிட்டுப் பேச்சுக் கொடுப்போம். டிஸ்பாட்ச் அறைக்கும் டீக்கடை உண்டு. ஆம்புலன்ஸில் போகும் தன்னார்வ ஃபர்ஸ்ட் எய்ட் ஸ்குவாடுகள் இந்த மாநிலத்தில் இன்னும் ஏராளம். அவர்கள் தினமும் அந்த அறையோடு ரேடியோவில் பேசுபவர்கள். தீயணைப்புத் தன்னார்வலர்கள், டோ ட்ரக் ஓட்டுநர்கள், எமர்ஜென்சி ரூம் நர்ஸ்கள் எல்லோருக்கும் எந்த ஷிஃப்டில் குரல்கள் நிதானமாக இருக்கும், எந்த ஷிஃப்டில் எரிந்து விழும் என்று தெரியும். ஸ்குவாட் கட்டடத்தில் வருடத்துக்கு ஒருமுறையாவது பான்கேக் காலை உணவு நிதி திரட்டல் நடக்கும். போய்ச் சாப்பிட்டுவிட்டுப் பேச்சுக் கொடுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். நம் தமிழ்ச் சங்க வாட்ஸாப் குழுவில் கேட்பதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். (வாட்ஸாப் குழுவில் "911-ல் யாராவது இருக்கீங்களா?" என்று நீங்கள் கேட்டது அந்த மையத்துக்கே போய்ச் சேர்ந்த பிறகு எச்.ஆர். உங்களை எப்படிப் பார்க்கும் என்பது வேறு கதை.) ஓப்ரா தாளில் விலகியவர்களின் பெயர் இருக்குமே, அவர்களில் ஒருவருக்கு லிங்க்ட்இன்னில் மரியாதையாக ஒரே ஒரு செய்தி அனுப்பலாம், தப்பில்லை. பதில் வராவிட்டால் அத்தோடு விட்டுவிட வேண்டும். தற்போது வேலையில் இருக்கும் சூப்பர்வைசருக்கு மட்டும் எந்தச் செய்தியும் அனுப்பாதீர்கள்.

இவ்வளவும் வீட்டிலிருந்தே செய்யக்கூடியவை. இவை எல்லாவற்றையும் சேர்த்தாலும் அந்த அறையில் 4 மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பதற்கு ஈடாகாது. சிட்-அலாங் என்று கேளுங்கள். 911-ஐ அல்ல, அவசரமில்லாத எண்ணைக் கூப்பிட்டு, டிஸ்பாட்சர் வேலைக்கு மனுப் போட யோசிக்கிறேன், வந்து உட்கார்ந்து பார்க்க அனுமதி உண்டா என்று கேட்டால் போதும். பல மையங்கள் அடையாள அட்டை வாங்கி, குற்றப் பின்னணி சரிபார்த்து, ரகசியக் காப்பு உறுதிமொழியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுமதிக்கும். செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்கு வாருங்கள் என்பார்கள், அப்போதுதான் டைரக்டரும் இருப்பார், எல்லோரும் ஒழுங்காக இருப்பார்கள். முடிந்தால் வெள்ளிக்கிழமை மாலை 5 முதல் 9 வரை கேளுங்கள். நடுவில் ஷிஃப்ட் மாறும் நேரம் வந்தால் இன்னும் நல்லது. உள்ளே போனதும் திரைகளைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். சூப்பர்வைசரின் ஹெட்செட் கழுத்தில் இருக்கிறதா, மேஜை டிராயரில் இருக்கிறதா என்று பாருங்கள். அழைப்பு குவியும்போது அவரும் எடுக்கிறாரா? யாராவது பாத்ரூம் போக வேண்டுமென்றால் எப்படிக் கேட்கிறார்கள்? கையைத் தூக்கினால் இன்னொருவர் வந்து உட்காருகிறாரா, அல்லது கெஞ்ச வேண்டியிருக்கிறதா? வெளியேறும் ஷிஃப்ட் உள்ளே வரும் ஷிஃப்டுக்கு நிலுவை அழைப்புகளை உட்கார்ந்து ஒப்படைக்கிறதா, இல்லை பையை எடுத்துக்கொண்டு ஓடுகிறதா? பயிற்சியில் இருப்பவர் தப்புச் செய்தால், சத்தம் எந்த அளவில் வருகிறது?

அந்தக் கடைசிக் கேள்விக்கு நான் ஏன் இவ்வளவு கனம் கொடுக்கிறேன் என்று சொல்கிறேன். என் முதல் மையத்தில், பெயர் வேண்டாம், ட்ரெயினிங் முடிந்த மூன்றாவது வாரம் ஒரு விபத்து அழைப்பு. மெயின் ஸ்ட்ரீட் என்றார் கூப்பிட்டவர். மெயின் ஸ்ட்ரீட் இல்லாத ஊரே இந்த மாநிலத்தில் இல்லை என்று சொல்லலாம். செல்ஃபோன் டவர் காட்டிய ஊரை நம்பி எந்த ஊர் என்று மறுபடி கேட்காமல் அனுப்பிவிட்டேன். வண்டி பக்கத்து ஊருக்குப் போனது. 40 விநாடியில் நானே கண்டுபிடித்து மாற்றிவிட்டேன், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சூப்பர்வைசர் எழுந்து நின்று, எட்டுப் பேர் முன்னால், லைனில் ஆட்கள் இருக்கும்போதே, "நீ இங்கிலீஷ் புரிந்துதான் வேலைக்கு வந்தாயா?" என்று கேட்டார். அன்றிலிருந்து நான் ஒன்று கற்றுக்கொண்டேன்: தப்புச் செய்தால் சத்தம் போடாமல் திருத்து, யாரிடமும் சொல்லாதே. அந்த அறையில் எல்லோரும் அதையே கற்றிருந்தார்கள். கொஞ்ச நாள் கழித்து வேறொருவர் தவறான கட்டடத்துக்கு ஆம்புலன்ஸ் அனுப்பிவிட்டு 3 நிமிடம் வாயைத் திறக்கவில்லை. பக்கத்திலிருந்த எனக்குத் தெரியும், நானும் திறக்கவில்லை. அது இன்றுவரை உறுத்துகிறது.

இரண்டாவது மையத்தில் ஒரு ராத்திரி. கணவர் மூச்சில்லாமல் கிடக்கிறார் என்று ஒரு பெண். நெஞ்சை அழுத்தச் சொல்லி, நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் கூடவே எண்ணிக்கொண்டிருக்கிறேன். என் கன்சோலில் இரண்டாவது ஹெட்செட் சொருகும் சத்தம் கேட்டது. சூப்பர்வைசர். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் வேகம் குறைந்தபோது மேஜை விளிம்பில் விரலால் தட்டினார், அதைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். ஆம்புலன்ஸ் ஆட்கள் உள்ளே வந்ததும் என் ஹெட்செட்டைக் கழற்றச் சொல்லி, "போய் முகம் கழுவிட்டு வா, நான் உட்காருறேன்" என்றார். மறுநாள் ஒலிப்பதிவை என்னோடு உட்கார்ந்து கேட்டார். அபார்ட்மென்ட் எண்ணை நான் தாமதமாகக் கேட்டதைக் காட்டி, "இதை இரண்டாவது கேள்வியாகக் கொண்டு வா" என்றார். அதே தவறை எழுத்திலும் போட்டார், மறைக்கவில்லை. கண்டிப்பில் அவர் முதல் சூப்பர்வைசரைவிட ஒரு படி மேல்தான். ஆனால் அந்த அறையில் தப்புச் செய்தவர் "நான் தப்பாக அனுப்பிவிட்டேன்" என்று கத்தினால், அடுத்த விநாடி நாலு பேர் திருத்த உதவுவார்கள். நீங்கள் தேட வேண்டியது இனிமையான ஆளை அல்ல, இந்தப் பழக்கத்தை. 4 மணி நேரத்தில் ஒரு தப்பாவது நடக்கும், கண்ணைத் திறந்து வைத்திருங்கள்.

நேர்முகத்தில் "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். சூப்பர்வைசர் எப்படி என்று கேட்காதீர்கள், எல்லோரும் "அருமையான டீம்" என்றுதான் சொல்வார்கள். கடைசியாகச் சேர்ந்த பயிற்சிக் குழுவில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். எனக்கும் ட்ரெயினருக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் வேறொருவரிடம் மாற்ற வழி உண்டா என்று கேளுங்கள். என் அழைப்புகளுக்குப் போடும் தர மதிப்பீட்டை நான் பார்க்கலாமா? போன மாதம் எத்தனை முறை ஆட்களை மாண்டேட் செய்ய வேண்டியிருந்தது? அழைப்பை எடுக்கும் வேகம் எப்படி? 90 சதவீதம் அழைப்புகளை 15 விநாடிக்குள்ளும் 95 சதவீதத்தை 20 விநாடிக்குள்ளும் எடுக்க வேண்டும் என்பது தேசிய 911 சங்கத்தின் அளவுகோல். அந்த எண் சூப்பர்வைசரின் நாக்கு நுனியில் இருக்க வேண்டும். நான் பேனலில் உட்கார்ந்தபோது இப்படிக் கேட்டவர்களுக்கு மார்க் கூடப் போட்டிருக்கிறேன், குறைத்ததில்லை. எண்ணைச் சொல்லாமல் முகத்தைச் சுளிக்கிற பேனல் என்றால், நீங்கள் கேட்ட கேள்விக்கு அதுவே பதில்.

தப்பாக எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டீர்கள். ஓப்ரா மனு உங்கள் உரிமை, ஆனால் சிறிய டவுன்ஷிப்பில் மனுப் போட்டவர் பெயர் கிளார்க்கிடமிருந்து போலீஸ் துறைக்குப் போகும். உறுத்தலாக இருந்தால் பெயர் போடாமலும் மனுப் போட சட்டம் இடம் கொடுக்கிறது. ஒன்றை மட்டும் செய்யவே கூடாது: தெரிந்த போலீஸ்காரரிடமோ டிஸ்பாட்சரிடமோ "அந்த சூப்பர்வைசர் பெயரை உங்கள் சிஸ்டத்தில் போட்டுப் பாருங்களேன்" என்று கேட்பது. அந்தத் தரவுத்தளத்தில் வேலைக் காரணமில்லாமல் ஒரு பெயரைத் தட்டினாலே அவருக்கு வேலை போகும், வழக்கும் வரலாம். உங்கள் பின்புல விசாரணையில் அது வெளியே வந்தால் உங்கள் மனுவும் அத்தோடு சரி. பழைய டீம் லீடரைப் பற்றியும் அந்த விசாரணையில் கேட்பார்கள், அவரையே கூப்பிட்டும் பேசுவார்கள். ஒளிக்காமல் இரண்டே வரியில் சொல்லுங்கள், திட்டாதீர்கள்.

நான் வேலை பார்த்தது இரண்டே மையங்களில், இரண்டும் நியூ ஜெர்சியில். பென்சில்வேனியாவுக்கோ நியூயார்க்குக்கோ மனுப் போட்டால் ஆவணச் சட்டம் வேறு, எது திறந்தது எது மூடியது என்பதும் வேறு. அட்டர்னி ஜெனரல் அறிக்கை பற்றிச் சொன்னதை அங்கே பொருத்திப் பார்க்காதீர்கள்.

கவுண்டி அறிவிப்பு முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்கே இரண்டு இடத்துக்கும் ஓப்ரா மின்னஞ்சல் போட்டால் அதற்குள் தாள் கைக்கு வந்துவிட வாய்ப்பு உண்டு. நாளைக் காலை சிட்-அலாங்குக்குக் கூப்பிடுங்கள். எதற்கும் மனுவை மட்டும் நிறுத்திவைக்காதீர்கள், இரண்டுக்கும் போட்டுவிடுங்கள். வேண்டாம் என்று முடிவு செய்தால் ஒரு வரி எழுதி விலகிக்கொள்ளலாம். டவுன்ஷிப் சிட்-அலாங் கொடுக்க மறுத்தால் உடனே சந்தேகப்படாதீர்கள், இரண்டு பேர் மட்டும் உட்காரும் அறையில் மூன்றாவது நாற்காலிக்கே இடம் இருக்காது. 20 கன்சோல் உள்ள கவுண்டி மையம் மறுத்தால், ஏன் என்று நான் கேட்டுவிடுவேன்.